இரண்டாம் சுற்று

அன்புள்ள கைல் ஸ்ட்ரூப்,
டூப்ராவா ஊரின் கழிவுநீர் நிலையத்துக்கான
நாற்பத்தொரு தாள்களும் வந்து சேர்ந்தன.
சுருள் மறுபடி சுருண்டுகொண்டே இருந்ததால்
காப்பிக் கோப்பை, ஸ்டேப்ளர், என் இடது முழங்கை
மூன்றையும் பாரம் வைத்துப் படித்தேன்.

கருத்து ஒன்று: தாள் ஐந்தில்
வடக்கு அம்பு கிழக்கைக் காட்டுகிறது.
இரண்டு: பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும்
மூன்றடி தள்ளித்தான் போகின்றன. பத்தடி வேண்டும்.
அங்கே பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிறார்கள்.

கடைசி வரியை அடித்துவிட்டேன்.
அலுவலகக் கடிதத்துக்குள்
பிள்ளைகள் வரக் கூடாது.

மூன்று முதல் பத்து வரை சில்லறை.
விட்டுப்போன அளவு, கூட்டல் பிழை,
ஒரு குறிப்பில் வேறு ஏதோ ஊரின் பெயர்.
பழைய வேலையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள்.
எல்லோரும் செய்வதுதான்.
பெயரையாவது அழித்திருக்கலாம்.

பதினொன்று.
ஜெனரேட்டர் மேடை, நூறாண்டு வெள்ளத்துக்கு
ஓரடி மேலே என்கிறீர்கள்.
இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். கணக்கு சரி.
ஆனால் செவ்வாயன்று
அறுத்துப்போட்ட சோளத் தாள்மேல் பனி கிடக்கும்
பாதி நெப்ராஸ்காவைக் கடந்து
மில்டன் ரெஹாக்கைப் பார்க்கப் போயிருந்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வெளியே தள்ளுவதை
ஒற்றை ஆளாய் வாங்கிக்கொள்பவர்.
பழைய பம்பு அறையின் கதவுச் சட்டத்தில்
என் விலா உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.
நகப்பூச்சு.

"மார்ச் மாதம். ஒரு துளி மழை இல்லை.
ஆற்றுப் பனி உடைந்து வந்து பாலத்தில் சிக்கிக்கொண்டது.
குறித்துவைக்கப் பேனா இல்லை,
மகளின் பை வண்டியில் கிடந்தது."
மூன்று நாள் பம்பு ஓடவில்லையாம்.
ஊர் அனுப்பியதெல்லாம்
ஊரின் நிலவறைகளுக்கே திரும்பி வந்ததாம்.

உங்கள் கணக்கில் ஆறு ஓடுகிறது.
அவர் கோட்டில் ஆறு நிற்கிறது.
மட்டக்கருவி வைத்துப் பார்த்தோம்,
என் விரல்கள் திருகைத் திருப்ப மறுத்தன, அவர் திருப்பினார்.
உங்கள் மேடை, கோட்டுக்குப்
பதினாறு அங்குலம் கீழே.

மேயர் அர்லீன் வோண்ட்ரா
மறுநாள் காலை எட்டு மணிக்கே கூப்பிட்டார்.
கடன் ஒப்புதல் ஏப்ரலோடு முடிகிறது.
மேடையை ஏற்றினால் வீட்டுக்கு மாதம் எழுபது சென்ட்.
"லிங்கனில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து
சிவப்பு மையில் எழுத உனக்கென்ன?"
ஹீட்டர் உண்மைதான்.
மை பச்சை. அதைச் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று,
இதுவும் கடிதத்தில் போகாது.
வேறோர் ஊரில், என் கையெழுத்தில் கட்டிய தொட்டியில்
ஒரு வால்வின் கைப்பிடி சுவரில் இடிக்கும்.
தாளில் அது ஒரு சின்ன வட்டம். கண்ணில் படவில்லை.
பதினோரு ஆண்டாக அங்கே ஒருவர்
மண்டியிட்டு, இடக்கையால் அதைத் திறக்கிறார்.
அவர் வலக்கைக்காரர்.
என்மேல் கோபமே இல்லை அவருக்கு.
கட்டியவனைத்தான் திட்டுகிறார்.

மூன்று வாரம் கழித்து
உங்கள் திருத்தம் வந்தது.
வடக்கு வடக்கே போய்விட்டது.
குழாய்கள் விலகியிருந்தன.
பதினொன்றுக்கு எதிரே "ஏற்கப்பட்டது" என்ற ஒரே சொல்.
மேடை மூன்றடி உயர்ந்திருந்தது.
தாள் பதினேழில், வெள்ள மட்டத்துக்கு மேலே
மெல்லிய கோடு ஒன்று கூடுதலாக;
உங்கள் ஒழுங்கான எழுத்தில்
"ரெஹாக் நகப்பூச்சு மட்டம்."

முத்திரையை மைப் பெட்டியில் அழுத்திவிட்டேன்.
தாளுக்கு மேல் கை வந்துவிட்டது.

மன்னிக்கவும், கைல்.
மேடை மூன்றடி ஏறியிருக்கிறது.
இரவு இரண்டு மணிக்கு, பனியில்,
டீசல் கேனோடு அவர் எப்படி ஏறுவார்?

கருத்து பன்னிரண்டு:
படி காட்டப்படவில்லை.
கைப்பிடியும்.